மூன்று வீட்டுக் குருவம்மாள்

மூன்று கைப்பிடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவிட்டுக் குருவம்மாள் எண்ணத் தொடங்குகிறாள். முதல் கைப்பிடி மின்வாரியத்துக் கரண்டு. இரண்டாவது ஜெனரேட்டர். மூன்றாவது பேட்டரி. மூன்றும் போன பிறகு அந்தக் கட்டடத்தில் எதுவும் ஓடாது. காற்றாடிகளின் இரைச்சல் தேய்ந்து அடங்குகிறது. அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும் கணினிகளின் பச்சை விளக்குகள் மொத்தமாக அணைகின்றன. இருட்டில் நின்றபடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்க்குள் எண்ணுகிறாள். முப்பதுக்குள் செல்போன் அடிக்க வேண்டும்.

இருபத்தாறில் அடிக்கிறது. சாத்தூர்க் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் பலவேசம் அங்கிருந்து பேசுகிறார்.

"உங்க வீடு தாங்கி நிக்குதா?"

"நிக்குதுக்கா. சிவகாசி வீடும் நிக்குது. உங்க வீடுதான் செத்துப்போச்சு."

"பத்து நிமிசம் அப்படியே கிடக்கட்டும். நீ ஸ்கிரீனை விட்டு எந்திரிக்காத."

"வெத்தலைக்குக்கூட எந்திரிக்கலையே."

"பின்ன வாயில என்னத்த அதக்கிக்கிட்டுப் பேசுற?"

இது கோளாறு அன்று, ஒத்திகை. மாதத்தின் முதல் புதன்கிழமை ஏதாவது ஒரு வீட்டை அவள் இப்படிச் சாகடிப்பாள். எந்த வீடு என்பது அன்று காலைவரை அவளுக்கே தெரியாது. விருதுநகர் பஸ் நிலையத்தில் போய் நின்றுகொள்வாள். சாத்தூர் பஸ் முதலில் வந்தால் சாத்தூர் வீடு. சிவகாசி பஸ் வந்தால் சிவகாசி வீடு. சூலக்கரை டவுன் பஸ் வந்தால் தினமும் வேலைக்குப் போகிற சூலக்கரை வீடு. "இன்ன நாளு இன்ன வீடுன்னு சொல்லிட்டுப் போனா, தூத்து மொளுகி வச்சிருப்பாக. தீ சொல்லிட்டா வருது?" என்பாள்.

வீடு என்பது அவள் வைத்த பெயர். கம்பெனி தன் கட்டடங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும்தான் கொடுத்திருக்கிறது. மூன்றுக்குள்ளும் இருப்பவை பிறருடைய வேலைகள்: சிவகாசி அச்சகங்களின் காலண்டர் படங்கள், பட்டாசுக் கம்பெனிகளின் ஆர்டர்கள், சுற்றுவட்டாரத்தில் ஏழு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து வைத்திருக்கும் ரத்த இருப்புப் பட்டியல். எந்த ஊரில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் டாக்டர்கள் ஆள் அனுப்புகிறார்கள். முன்பு இவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கணினியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, அது நின்றுபோகும்போதெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது இங்கே இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கிளவுட் என்று பெயர். போன வருஷம், இரண்டாயிரத்து எட்டில், ஆரம்பித்தது.

ஆரம்பித்தவர் கதிரவன். முப்பத்தைந்து வயது. சாத்தூரில் பிறந்து, சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துத் திரும்பியவர். கணினி சாகும், கரண்டு போகும், கட்டடமே எரியும். எது செத்தாலும் மற்றது தாங்கும்படி முன்கூட்டியே கட்டி வைப்பதுதான் இந்தத் தொழில் என்று கற்றுக்கொண்டு வந்தவர். பெரிய கம்பெனிகள் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் தனித்தனியாகக் கட்டடங்களை வைக்கும். ஒரே தீயோ ஒரே வெள்ளமோ இரண்டைத் தொட முடியாத தூரம் இருக்க வேண்டும். ஒன்றில் எழுதியதை மறு நொடியே மற்றதிலும் எழுதிவிட முடிகிற அளவு அருகிலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு மின்தடம், வேறு ஜெனரேட்டர், வேறு குளிரூட்டி, வேறு கேபிள். அதையே கதிரவன் சின்ன அளவில் விருதுநகர் ஓரத்துச் சூலக்கரை, சாத்தூர், சிவகாசி என்று முக்கோணமாகப் போட்டார்.

குருவம்மாள் வந்தது பெருக்கித் துடைக்கிற வேலைக்கு. வந்த அன்று செருப்பை வாசலில் விட்டாள். கால் மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். கதவருகே சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தரைத் தகடு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். கதிரவனுக்குப் புரியவில்லை. "உள்ள போகுமுன்னே கையை வைக்கிற செப்புத் தகடு. உடம்புல இருக்கிற கரண்டு அதுல இறங்கணும்லா?" பட்டாசு ஷெட்டுக்குள் நுழைகிற எவரும் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒரு பொட்டு மின்சாரம் அங்கே வெடிமருந்தைப் பற்றவைக்கும். இங்கே கணினியின் சில்லைக் கெடுக்கும். தகடு ஆர்டர் கொடுத்து இன்னும் வந்து சேரவில்லை என்றார் கதிரவன். "அப்ப வந்தப்புறம் பெருக்குறேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் தகடு வந்தது. அவளுக்கு அந்த வீட்டின் சாவியும் வந்தது.

வயது நாற்பத்தேழு. ஒடிசலான உடம்பு, நிமிர்ந்த முதுகு. நைலக்ஸ் சேலை தொடமாட்டாள், பருத்திதான். இடது முன்கையில் மணிக்கட்டு முதல் முழங்கைவரை தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய தோல் வியர்க்காது. அதனால் சித்திரை வெயிலில் அந்தக் கைமேல் மட்டும் ஈரத்துண்டைப் போட்டுக்கொள்வாள். மணிக்கட்டு பாதிதான் மடங்கும். யாராவது உற்றுப் பார்த்தால், "பாத்து முடிச்சாச்சா? அந்த வாளியை எடுங்க" என்பாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை. கடைசி ஆறு வருஷம் கண்காணி. ஷெட்டுகளைச் சுற்றி வந்து, எங்கே எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று பார்க்கும் பொறுப்பு. ஓர் ஐப்பசியில் பக்கத்து ஷெட் வெடித்தது. அவள் ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டு ஒருத்தியை இழுத்தாள். ஒருத்தி பிழைத்தாள். அதைப்பற்றிக் கேட்பவர்களுக்கு அவள் பதில் எப்போதும் ஒன்றுதான். "அந்த ஷெட்டு போச்சு. எங்க ஷெட்டு நின்னுச்சு. நடுவுல தூரம் விட்டுக் கட்டியிருந்தாக, அம்புட்டுதான்."

அந்தப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி, அக்கா தங்கை என்று ஒரே ஷெட்டில் உட்கார்ந்து வேலை செய்வது வழக்கம். பேச்சுத் துணை, கைக்கும் வேகம். குருவம்மாள் ஒருநாளும் தன் புருஷன் சீனிச்சாமியோடு ஒரே ஷெட்டில் உட்கார்ந்ததில்லை. கம்பெனி வேனில்கூட அவர் முதல் நடை, அவள் இரண்டாம் நடை. இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பினால் ஆளுக்கொரு பஸ். ரேஷன் கார்டு நகல் மூன்று: ஒன்று வீட்டில், ஒன்று தம்பி வீட்டில், ஒன்று ஆலங்குளத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில். சீனிச்சாமி இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் வாட்ச்மேன். "எனக்கும் ஒரு நகல் எடுத்து வச்சிருக்காளான்னு தெரியலை" என்று சிரிப்பார். "உங்கள ஒண்ணு வச்சு மேய்க்கவே பெரும்பாடா இருக்கு" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

கண் எப்போதும் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கும். மாசி மாதம் டவுன் பஸ்ஸில் போகும்போது, சூலக்கரைக்கு வெளியே ஓடைப் பாலத்துக்கருகில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு கேபிள், ஆரஞ்சாக ஒரு கேபிள். எந்தெந்தக் கம்பெனியுடையது என்று தோண்டுகிறவனிடம் கேட்டுக்கொண்டு, வெயிலில் நடந்தே கதிரவனிடம் வந்தாள்.

"தம்பி, சாத்தூருக்குப் போற லைனு ஒரு கம்பெனி, சிவகாசிக்குப் போறது வேற கம்பெனின்னு சொன்னீக."

"ஆமாக்கா. ரெண்டும் வேற வேற."

"வேறதான். ஒரே பாலத்துக்கடியில ஒரே குழியில படுத்துக் கிடக்கு. ஒரு ஜேசிபி போதும்."

கதிரவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு லைனைச் சுற்றுப்பாதையில் மாற்றிப் போட இரண்டு மாதம் பிடித்தது. அதற்கப்புறம்தான் மாதாந்தர ஒத்திகையை அவள் பொறுப்பில் விட்டார். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. தேதி, எந்த வீடு, எத்தனை எண்ணிக்கையில் போன் வந்தது, கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுடைய பட்டியல் இங்கே இருப்பதே அந்த நோட்டை நம்பித்தான்.

போன புரட்டாசியில் அந்த நோட்டுக்கு ஒரு சோதனை வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் அலமாரிக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு மூன்று அலமாரி. இரண்டில் வேலை நடக்கும். மூன்றாவது விளக்கெரிந்தபடி சும்மா நிற்கும். ஒரு வீடு செத்தால், அதன் இரண்டு அலமாரி வேலையை மற்ற இரண்டு வீடுகளின் சும்மா அலமாரிகள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்ளும். மொத்த ஏற்பாடும் அந்தச் சும்மா நிற்பதில்தான் இருக்கிறது. வேலை செய்கிற கணினியின் விளக்கு சிமிட்டும். சும்மா நிற்பதன் விளக்கு அசையாது. இதற்குமேல் குருவம்மாளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. புதன்கிழமை. டவுன் பஸ் முதலில் வந்தது. சூலக்கரை வீட்டைத் திறந்து, தகட்டைத் தொட்டு, உள்ளே போனவள் நின்றுவிட்டாள். மூன்றாவது அலமாரி மேலிருந்து கீழ்வரை சிமிட்டிக்கொண்டிருந்தது. பலவேசத்துக்குப் போன் போட்டாள்.

"உங்க மூணாவது அலமாரி எப்படி இருக்கு?"

"கல்யாண வீடு கணக்கா இருக்குக்கா. திங்கக்கிழமையிலருந்து அப்படித்தான்."

"சொல்றதுக்கு என்ன?"

"சிவபாண்டி சார்தான் ஏத்துனாக. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

சிவபாண்டி கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவன். முப்பது வயது, சுறுசுறுப்பு. வயல்வரப்புள்ள குடும்பத்துப் பையன் என்பதால், அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். பத்து மணிக்கு வந்தான்.

"சார், மூணாவதுல யாரு?"

"நாலு காலண்டர் பிரஸ், குருவம்மா. சீசன்ல அவுகளுக்கு இடம் பத்தலை. இங்கன சும்மாதான கிடந்துச்சு, மூணு வீட்டுலயும் ஏத்தி விட்டேன்."

"அதுக்கு வேலையே சும்மா கிடக்கிறதுதான சார்?"

"சரி, சரி. இன்னைக்கு ஒத்திகை வேண்டாம். கரண்டை இறக்குனீகன்னா எல்லாம் படுத்துக்கிடும். நோட்டுல நடந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. அடுத்த மாசம் ரெண்டு தடவையா நடத்திக்கிடலாம்."

"இன்னைக்கு ராவுல இடி விழுந்து ஒரு வீடு போச்சுன்னா?"

"விழுந்தாப் பாத்துக்கிடலாம்."

"ரத்த லிஸ்ட்டும் சேந்து படுத்துக்கிடும். வெந்தவன் வந்து கிடக்கிற நேரம் பாத்து, எங்க ரத்தம் இருக்குன்னு ஊர் ஊராப் போன் போடணும்."

"நீங்க என்ன இஞ்சினீயரா? பெருக்க வந்தா பெருக்கிட்டுப் போகணும்."

"பெருக்கிட்டேன் சார்" என்றாள் குருவம்மாள். நோட்டை எடுத்தாள். எட்டாம் வகுப்புவரை படித்த கையெழுத்தில் நிதானமாக எழுதினாள்: ஒத்திகை நடக்கவில்லை. மூன்றாம் அலமாரி நிறைந்திருக்கிறது. இன்று ஒரு வீடு போனால் மற்ற இரண்டும் தாங்காது. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

சிவபாண்டிக்கு முகம் சிவந்தது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள். இந்த வரியைப் பார்த்தால் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சென்னைக்குப் போயிருந்த கதிரவனைப் போனில் பிடித்து, விஷயத்தைக் கொட்டி, போனை அவள் கையில் திணித்தான். வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. நாற்பத்தேழு வயதில், பாதி மடங்கும் கையோடு, மறுபடி மருந்து அளக்கத்தான் போக வேண்டியிருக்கும்.

கதிரவன் கோபப்படவில்லை. கெஞ்சினார். "பத்தே பத்து நாள்தான்க்கா. தீபாவளி முடிஞ்சதும் எல்லாத்தையும் இறக்கிருவோம். பத்து நாள்ல என்ன வந்திரப்போகுது?"

அவள் நோட்டை மூடி வைத்தாள். பிறகு சிவபாண்டி நிற்பதைப் பொருட்படுத்தாமல், ரேஷன் கடை விவரம் சொல்வதுபோன்ற குரலில் சொன்னாள்.

"தம்பி, அன்னைக்கும் தீபாவளிக்குப் பத்து நாளுதான் இருந்துச்சு. லோடு லாரி வாசல்ல நின்னுச்சு. பக்கத்து ஷெட்டுல நாலு பேருதான் இருக்கணும். ஆறு பேரு இருந்தாக. கூடுன ரெண்டு பேரையும் உக்கார வச்சது நான்தான். ஒருநாள்ல என்ன வந்திரும்னு நானும்தான் நினைச்சேன். அந்த ரெண்டுல ராக்காயியை இழுத்துட்டேன். சுப்புத்தாயி வரலை."

சீனிச்சாமியிடம்கூட அவள் சொல்லாத விஷயம் அது.

சென்னை ரோட்டு ஹாரன்களுக்கு நடுவே கதிரவன், "சிவபாண்டிகிட்ட குடுங்கக்கா" என்றார்.

சிவபாண்டி கேட்டுக்கொண்டான். இரண்டு தடவை "சரிங்கண்ணே" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு, நாலு அச்சகங்களுக்கும் வரிசையாகப் போன் செய்யத் தொடங்கினான். போன வாரம்வரை உங்கள் கணினியில்தானே ஓடியது, தை வரை அங்கேயே ஓடட்டும் என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு பேர் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் போனை வைத்துவிட்டார். நாலாமவர் பேசியது குருவம்மாள் வரைக்கும் கேட்டது.

"ஏலே, திங்கக்கிழமை பூ வச்சிட்டுப் புதன்கிழமை பொண்ணு வேண்டாங்கியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

"இல்லண்ணாச்சி, வீட்டுல இடம் இல்லண்ணாச்சி."

"இடம் பாக்காமயா தாம்பூலம் மாத்துன?"

படங்களை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்போது பிற்பகல் மணி மூன்று. சிவபாண்டி சாப்பிடவில்லை. குருவம்மாள் தன் தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து நகர்த்தினாள். "சாப்பிடுங்க சார். வெறும் வயித்துல ஏச்சு வாங்குனா கிறுகிறுப்பு வரும்." அவன் முதலில் பார்க்காததுபோல் இருந்தான். பிறகு மூடியைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று வாளியைப் பார்த்தான். இருந்ததைப் போட்டாள்.

நாலரைக்கு மேற்கே மேகம் கறுத்து இடி உறுமியது. "மளை வருமுன்னே முடிச்சிருவோம்" என்று எழுந்தாள். மூன்று கைப்பிடிகளையும் இறக்கினாள். வீடு இருண்டது. இருபத்திரண்டில் போன் அடித்தது. சாத்தூர் நின்றது, சிவகாசி நின்றது. வாசலில் உட்கார்ந்து மடிக்கணினியில் ரத்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்த சிவபாண்டி, "பி நெகட்டிவ், சாத்தூர்ல ரெண்டு பை" என்று உரக்க வாசித்தான். வாசித்த பிறகு திரையைத் திருப்பி அவளிடமும் காட்டினான்.

பத்து நிமிஷம் கழித்துக் கரண்டை ஏற்றினாள். நோட்டில் காலை எழுதிய வரிகளுக்குக் கீழே, அலமாரி காலியான விவரத்தையும், மாலை நாலரைக்கு ஒத்திகை நடந்ததையும், போன் வந்த எண்ணிக்கையையும் எழுதினாள்.

"மேல எழுதுனதை அடிச்சிரலாமே?" என்றான் சிவபாண்டி.

"அதுவும் நடந்ததுதான சார்."

மறு வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து, இரண்டையும் சேர்த்தே படித்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பட்டியல் இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஏசிய காலண்டர்க்காரர் தையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கென்று நாலாவது அலமாரி வாங்குவதாகக் கதிரவன் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்கினால் மூன்று வீட்டுக்கும் வாங்க வேண்டும் என்று குருவம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் புதன்கிழமை மாலை, சிவபாண்டி வண்டியைக் கிளப்பிப் போன பிறகும் அவள் உடனே வீட்டைப் பூட்டவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். விளக்குகள் அசையாமல் எரிந்தன. காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல், மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு கணினியாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சூடு இறங்கியிருந்தது. கடைசித் தட்டுக்குக் குனிந்து கையை வைத்தவள், அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.